தணிகாசலத்தின் டேப்பில் இடமில்லை

"அடுத்த வாரத்துலேர்ந்து இவரா? அப்போ அந்த நேரத்துக்கு நான் சந்தைக்குப் போயிட்டு வந்துடறேன்."

படிக்கட்டின் கீழே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னது. இவர் சொல்வதும் அரசி அம்மாவின் வார்த்தைகளைத்தானே என்று உடன் வந்தவள் கேட்டாள். வார்த்தை அதேதான், ஆனால் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பது போல இருக்கிறது என்றாள் முதலாமவள். இருவரும் சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கினார்கள்.

மேல்படியில் நின்ற தணிகாசலம் கையிலிருந்த டேப்லெட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஆரணியில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த மன்றம். வெள்ளிக்கிழமை மாலைகளில் பத்திருபது பேர் வந்து பாயில் உட்கார்ந்து மனதில் இருப்பதைக் கேட்பார்கள். மங்கையர்க்கரசி பதில் சொல்வார். பள்ளியில் கணக்கு நடத்தும் ஆசிரியை. வயது முப்பத்தைந்துதான் என்றாலும் எல்லோருக்கும் அவர் அரசி அம்மா. வர முடியாதவர்கள் செல்போன் குழுவில் எழுதிக் கேட்பார்கள். அங்கேயும் இரண்டு வரியில் பதில் வரும்.

தணிகாசலம் மின்வாரிய அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மூத்த மகள் அரசி அம்மாவைவிடப் பெரியவள். ஆனாலும் மன்றத்தின் முதல் சீடர் அவர்தான். யார் வந்தாலும் வராவிட்டாலும் அவர் வருவார்.

தங்கையின் பிரசவத்துக்காக அரசி அம்மா ஒரு மாதம் செங்கல்பட்டு போகிறார். அதுவரை வெள்ளிக்கிழமைகளை ஐயா பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருந்தார். கீழே டயர் கடை முனிரத்தினம் அந்த அறையைக் கிடங்காக்கக் கட்டட உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் ஆள் வராமல் போனால் கேட்டது கிடைத்துவிடும்.

தணிகாசலம் திரும்பி மேலே போனார். அரசி அம்மா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"அம்மா, டேப்புல இடம் இல்லைன்னு சொல்லுது."

"என்ன வெச்சிருக்கீங்க ஐயா?"

"உங்களைத்தான்."

அவர் விளக்கினார். குழுவில் வரும் செய்திகள் ஒரு வாரத்தில் தானாக அழியும்படி அரசி அம்மா வைத்திருந்தார். ஏன் இப்படி என்று தணிகாசலம் முன்பே ஒருமுறை வருத்தப்பட்டதுண்டு. பழைய சோறு உடம்புக்கு நல்லதுதானே அம்மா என்று வாதாடியும் பார்த்தார். அது மறுநாள் வரைக்கும்தான் ஐயா என்று சொல்லிவிட்டார் அரசி அம்மா. அன்றிலிருந்து ஒவ்வொரு பதிலும் அழிவதற்குள் தணிகாசலம் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவார். திரை ஒருமுறை கண் சிமிட்டும். படம் சின்னதாகி மூலையில் போய் உட்காரும். அதைத் தொட்டு, ஓரங்களை இழுத்து, வேண்டாததை வெட்டுவார். மேலே தெரியும் மணி, பேட்டரி, கேட்டவர் பெயர், கேட்ட கேள்வி எல்லாம் போய்விடும். பதில் மட்டும் நிற்கும். அதைத் தலைப்பு வாரியாக ஃபோல்டரில் போடுவார். கோபம், தூக்கம், பிள்ளைகள், மாமியார், பயம் என்று ஃபோல்டர்கள் நீண்டுகொண்டே போயின.

"உமியைத் தள்ளிட்டு அரிசியை மட்டும் வெச்சிருக்கேம்மா" என்றார்.

அரசி அம்மா தரையில் உட்கார்ந்து டேப்பை வாங்கிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை யாராவது கேட்டா உடனே எடுத்துச் சொல்லணும். அதுக்கு இன்னும் நிறைய வேணும். ஆனா இடம் இல்லை. எதை அழிக்கலாம்னு நீங்கதான் சொல்லணும். ஒண்ணுக்கொண்ணு இடிக்கிறதும் இருக்கு. பாருங்க."

கோபம் என்ற ஃபோல்டரில் இரண்டு படங்களைக் காட்டினார்.

ஒன்றில், கோபம் வந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள், ஆறப்போடாதீர்கள் என்று இருந்தது. இன்னொன்றில், கோபம் வந்தால் ஒரு வாரம் வாயைத் திறக்காதீர்கள் என்று இருந்தது.

"இதுல எதும்மா சரி?"

"யார் சொன்னது இது?"

"நீங்கதாம்மா."

"யார்கிட்ட?"

தணிகாசலம் படத்தின் மேல் ஓரத்தைப் பார்த்தார். "அதை வெட்டிட்டேன்."

அரசி அம்மாவுக்கு நினைவிருந்தது. முதல் பதில், அண்ணன்மேல் இருந்த வருத்தத்தைச் சொல்லாமலே வைத்திருந்து அல்சர் வரவழைத்துக்கொண்ட ஒரு தையல்காரருக்கு. இரண்டாவது, கண்டக்டர் தயாளனுக்கு. "அவர் வாயைத் திறந்தா பஸ் பாதி காலியாயிடும் ஐயா."

தணிகாசலம் சிரிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்தினார். வேகமாக இன்னொரு ஃபோல்டரைத் திறந்தார். தினமும் பழக வேண்டியவற்றுக்குச் சாதனை என்று பெயர் வைத்திருந்தார். அதில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

பிடிக்காததைத் தினமும் ஒன்றாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"அப்போ இது?"

"இதை ஏன் கேக்கறீங்க?"

"இதைத்தான் நான் செஞ்சுக்கிட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

"வீட்லதான். அம்சவேணிகிட்ட."

ஒரு நாள் மனைவி வைத்த ரசத்தைச் சொன்னாராம். ஒரு நாள் அவள் செல்போன் மணியின் பாட்டை. ஒரு நாள் துணி காயப்போடும்போது அவள் கிளிப் போடும் விதத்தை. விடாமல் செய்துவருவதாகச் சொன்னார்.

"கஷ்டமான சாதனைம்மா. சில நாள் குறையே கிடைக்காது. தேடித்தான் சொல்லணும்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மௌனத்துக்குப் போயிட்டா. பத்து நாளாச்சு. சரி, அவளும் முன்னேறிட்டான்னு நினைச்சேன்."

அரசி அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. செய்யாற்றில் ஒரு புது மருமகள். கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் அரிக்கும். மாமியார் மனம் நோகுமே என்று ஒரு வருடமாகச் சாப்பிட்டுவிட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள். அந்தப் பதில் அவளுக்கு.

தணிகாசலம் பெரிதாக்கிய படத்தை மறுபடி சின்னதாக்கினார்.

அப்போது டேப்பில் மணி அடித்தது. குழுவில் ஒரு கேள்வி. லாரி புக்கிங் ஆபீஸ் ருக்மாங்கதன் எழுதியிருந்தார். அம்மா, நாலு நாளாகத் தூக்கமே இல்லை, என்ன செய்வது?

தணிகாசலத்தின் முகம் தெளிந்தது. "தூக்கத்துக்கு நிறைய இருக்கும்மா."

"சொல்லுங்க, எதை அனுப்பலாம்?"

அவர் ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தார். படுக்குமுன் அன்றைய நாளை மறுபடி நினைத்துப் பாருங்கள். மன்னிக்க வேண்டியவர் பெயரைச் சொல்லிக்கொண்டே படுங்கள். தூக்கத்தைத் துரத்தாதீர்கள், அதுவாக வரும். கடைசியைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் ஆழமானது என்றார்.

அரசி அம்மா தன் செல்போனை எடுத்து ருக்மாங்கதனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க தூக்கம் வரலை?"

"பூனைம்மா. என் கட்டிலுக்கு அடியில குட்டி போட்டிருக்கு. ராத்திரி முழுக்கக் கத்துதுங்க."

"எத்தனை?"

"நாலு. ஒண்ணு மட்டும் மஞ்சள்."

"எல்லாம் நல்லா இருக்கா?"

"ஜம்முனு இருக்குதுங்க. எனக்குத்தான் கண்ணு எரியுது."

"நீங்க முன்னறையில படுத்துக்கோங்க."

"அட, ஆமா" என்றார் ருக்மாங்கதன்.

மற்றவர்களும் பார்க்கட்டும் என்று அரசி அம்மா குழுவில் பதிலை எழுதினார். முன்னறையில் படுங்கள்.

அது திரையில் வந்ததுதான் தாமதம், தணிகாசலத்தின் விரல்கள் தாமாகவே போய் இரண்டு பட்டன்களையும் அழுத்தின. இடமில்லை என்றது டேப். அவர் விரல்களைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். அரசி அம்மாவும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் தணிகாசலம் டேப்பைக் கீழே வைக்காமல், திறக்கவும் செய்யாமல், கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார்.

"அம்மா, இதுல இருக்கறது எல்லாம் வேற யாருக்கோ சொன்னதுன்னா, எனக்குன்னு நீங்க சொன்னது எது?"

அரசி அம்மா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"ஆறு வருஷத்துல நீங்க என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை ஐயா."

அவர் பையை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். விளக்கை அணைக்கத் தணிகாசலத்துக்கு வெகுநேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை வந்தது. எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்கள் வந்தார்கள். என்ன ஆகிறது பார்க்கலாம் என்று வந்தவர்களும் அதில் உண்டு. தணிகாசலம் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் டேப்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றியது. ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருத்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பையை மடியில் எடுத்து வைத்தாள். கீழே முனிரத்தினத்தின் ஆட்கள் டயர்களை அடுக்கும் சத்தம் மேலே நன்றாகக் கேட்டது.

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். குரல் வழக்கம்போல ஓங்கி வரவில்லை.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு."

பின்வரிசைக்குக் கேட்கவில்லை. என்ன, என்ன என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"என் சம்சாரம் பதினேழு நாளா என்கூடப் பேசலை. என்ன செய்யறதுன்னு தெரியலை."

அறையில் இருந்த அத்தனை பேரிடமும் பதில் இருந்தது. மல்லிகைப்பூ வாங்கிப் போகச் சொன்னார் ருக்மாங்கதன். திடீரென்று பூ வாங்கிப் போனால் என்ன தப்பு செய்தாய் என்று கேட்பார்கள் என்றார் ஒரு பெண். ஒரு வாரம் நாமும் பேசாமல் இருந்து பார்க்கலாம், தனக்கு அது பலன் தந்தது என்றார் கண்டக்டர் தயாளன். அதைத்தானே அந்தம்மாவே செய்துகொண்டிருக்கிறார் என்று யாரோ சொல்ல, தயாளனே முதலில் சிரித்தார். அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். தணிகாசலம் மறைக்கவில்லை. ரசம், செல்போன் பாட்டு என்று வரிசையாகச் சொன்னார். துணி கிளிப்பை அவர் சொன்னபோது பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை.

"கிளிப்பைச் சொன்ன அன்னிக்கு யார் துணி காயப்போட்டது?" என்றாள் ஒருத்தி.

"அவதான்."

"மறுநாள்?"

"நான்."

மறுபடி சிரிப்பு. தணிகாசலமும் சிரித்தார். நாற்காலி எப்போது பின்னால் போனதென்று தெரியவில்லை, அவர் பாயில் இருந்தார்.

பின்வரிசையில் மலர்க்கொடி என்ற பெண் இருந்தாள். மன்றத்துக்கு வருவாள், கேட்பாள், போவாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவள் பாயின் ஓரத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"அவங்க கடைசியா உங்ககிட்ட என்ன கேட்டாங்க ஐயா?"

சிரிப்பு மெல்ல ஓய்ந்தது. தணிகாசலம் யோசித்தார்.

"எங்க பேத்தி ஸ்கூல்ல ஆடின வீடியோ. மக அனுப்பியிருந்தா. செல்போன்ல சின்னதா தெரியுது, டேப்புல ஏத்திக் கொடுங்கன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இடமில்லைன்னு சொன்னேன்."



தணிகாசலம் டேப்பை மடியில் வைத்துத் திறந்தார். கோபம் என்ற ஃபோல்டரை விரலால் அழுத்திப் பிடித்தார்.

படியேறி வந்த முனிரத்தினம் வாசலில் நின்று, கூட்டம் முடிந்ததா, சுவரை அளக்க ஆள் வந்திருக்கிறான் என்றார். முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். முனிரத்தினம் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் எழுந்திருக்கவும் இல்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் அழிக்கவா என்று டேப் கேட்டது. தணிகாசலம் ஆம் என்பதைத் தொட்டார். பிறகு தூக்கம் என்ற ஃபோல்டரைத் திறந்தார்.