வாசல்மேல் ஒரு சொல்

"தாயே, பொய்யைக் கல்லில் வெட்டலாமா?"

கல்தச்சன் துர்சுன் கேட்டான். அவனுடைய ஞானகுரு நெஃபிசா கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கல்லில்?"

"அமீரின் கல்லறையில்."

வான் என்ற பெயருடைய ஏரியின் கரையில், அஹ்லாத் நகரத்துக்கு வெளியே அது எழும்பிக்கொண்டிருந்தது. வட்டச் சுவர். மேலே கூடாரம்போல் கூம்புக் கூரை. செம்பழுப்புக் கல் முழுக்க ஒன்றோடொன்று பின்னிய நட்சத்திரங்கள். எல்லாம் துர்சுன் செதுக்கியவை.

"நட்சத்திரங்களைச் செதுக்கியபோது மனம் கூசியதா?"

"இல்லை. செத்தவருக்கும் ஓர் இடம் வேண்டுமே."

"பிறகு?"

"வாசல்மேல் 'நீதிமான்' என்று வெட்டச் சொல்கிறார் அவர் மகன். பணியவில்லை என்று எங்கள் ஊரைக் கொளுத்தியவர் அந்த அமீர். என் தங்கை வீட்டுக்குள் இருந்தாள்."

நூற்ற கை நின்றது.

"வெட்டாவிட்டால்?"

"என் கையை வெட்டுவார்கள்."

"கேட்க வந்தாயா, சொல்ல வந்தாயா?"

துர்சுன் எழுந்தான்.

"சொல்லத்தான் வந்தேன், தாயே."

திரும்பிப் போய், வாசல்மேல் எழுத வேண்டியதை எல்லாம் வெட்டி முடித்தான். அந்த ஒரு சொல்லுக்குரிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டான்.

அமீரின் மகன் தோகான் பார்க்க வந்தான். பல நாள் தூங்காத கண்கள்.

"இங்கே ஒரு சொல்லைக் காணோமே."

"அது வராது, பிரபு."

"உன் கைக்கு வராத எழுத்தா?"

"கைக்கு வரும். எனக்கு வராது."

தோகான் தலையசைத்தான். வாளோடு ஒருவன் முன்னால் வந்தான்.

துர்சுன் வலக்கையைப் படிக்கல்லின்மேல் வைத்தான்.

வேடிக்கை பார்த்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த நெஃபிசா, அதன் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள்.

"தாயே, எடுத்துவிடுங்கள்!"

"நீ எடுப்பாயா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்னை மட்டும் ஏன் எடுக்கச் சொல்கிறாய்?"

வாள்காரன் தயங்கினான். தோகான் கத்தினான்; பாதியிலேயே குரல் உடைந்தது.

"நீதிமான் இல்லையென்றால் வேறு யார்? சொல்லடா! என் அப்பா யார்?"

துர்சுன் குருவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, தோகானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துர்சுனும் தோகானைப் பார்த்தான்.

"நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிரபு."

"என்ன சொன்னேன்?"

"'தோகானின் தந்தை.' அதை வெட்டித் தருகிறேன்."

தோகான் வாள்காரனைக் கையமர்த்தினான். பிறகு, வாள் உறைக்குள் போகிற சத்தம் கேட்டது.

துர்சுன் கையை எடுத்தான். உளியைத் தேடினான்.