தள்ளுப்பாறையில் மரநாய் அடுக்கிய படை

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது, பிள்ளைகளா. மழைக்காலத்தில்தான் அது ஆறு. கோடை வந்துவிட்டால் வெறும் மணல்.

அந்தக் கரையில் மூன்று குடும்பங்கள். மரநாய் காத்தான் குடும்பம் ஒன்று. முள்ளெலி குப்பாண்டி குடும்பம் ஒன்று. அணில் தேவானை குடும்பம் ஒன்று.

கோடையில் அங்கே தங்குவதற்கும் மூன்று இடங்கள்தான். நாவல் மரத்தடியில் ஒரு மடு. அதில் தண்ணீர் வற்றவே வற்றாது. புங்க மரத்தடியில் ஓர் ஊற்று. குளிக்க முடியாது, குடிக்கப் போதும். மூன்றாவது இடம் நடு மணல். அங்கே நிழல் இல்லை. தோண்டினால்தான் தண்ணீர். தோண்டிய பள்ளத்தையும் காற்று வந்து மூடிவிடும்.

எந்த இடம் யாருக்கு என்று கடித்துக் குதறிக்கொள்ளாமல் இருக்க அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மழை தொடங்கும்போதும் கோடை தொடங்கும்போதும் தள்ளுப்போர் நடத்துவார்கள்.

தள்ளுப்போர் எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். தட்டையான ஒரு பாறை. அதன் பக்கத்தில் ஒரு குழி. குழியில் பனம்பழத்தைப் பிழிந்து ஊற்றி வைத்தால் காட்டிலுள்ள பூச்சி பொட்டெல்லாம் வந்து கூடிவிடும். ஆளுக்கொன்றாக, எறும்பென்றால் ஒரு கொத்தாக, முறை வைத்து, அதிலிருந்து பொறுக்கித் தங்கள் படையைச் சேர்க்க வேண்டும். பிறகு பாறையில் ஆளுக்கொரு பாதியில் படையை அடுக்க வேண்டும்.

அடுக்கி முடித்ததும் நடுவராக இருக்கும் ஆமையார் தம் ஓட்டைத் தட்டி, "கையைக் கட்டு!" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது, வாய் திறந்து ஏவவும் கூடாது. பூச்சிகள் தத்தம் குணப்படி முட்டும், உதைக்கும், தள்ளும். எந்தப் பக்கத்துப் படை முழுவதும் பாறையை விட்டுக் கீழே விழுகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. இப்படி ஒவ்வொருவரும் மற்ற இருவரோடும் மோத வேண்டும், அதிகம் ஜெயித்தவருக்கு நல்ல இடம், எல்லாவற்றிலும் தோற்றவருக்கு மோசமான இடம். ஆகவே போர் நடப்பதெல்லாம் பாறையில் இல்லை, பொறுக்குவதிலும் அடுக்குவதிலும்தான்.

போன மழைக்காலத்தில் குப்பாண்டி ஜெயித்தான். ஈரப் பாறையில் நத்தைகளை முன்வரிசையில் ஒட்டிவைத்தான். அசைக்க முடியவில்லை ஒருவராலும். நனையாத குகை அவனுக்குக் கிடைத்தது. இரண்டாவதாக வந்த காத்தானுக்கு ஒரு மரப்பொந்து. அதுவும் நல்ல பொந்துதான், ஒழுகாது. தேவானைதான் பாவம், மழை முழுதும் புதரில் நனைந்தாள்.

ஆனால் காத்தானுக்குப் பொந்தில் தூக்கம் வரவில்லை. எட்டி எட்டிக் குகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தியா சடைச்சி, அவன் வீட்டுல எப்படிச் சிரிக்கிறாங்கன்னு!" என்பான் பெண்சாதியிடம்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். நம்ம வீட்டுல யாரும் சிரிக்க வேண்டாம்னு சொன்னாங்களா?"

"அவன் புள்ள தும்முற தும்மல்கூட நல்லா இருக்குடி."

"தும்மல்ல என்னய்யா நல்ல தும்மல், கெட்ட தும்மல்? வந்து படு."

இப்படியே மழை முடிந்தது. பனி முடிந்தது. வெயில் ஏறியது. கோடைக்கான தள்ளுப்போர் நெருங்கியது.

ஒரு நாள் சாயங்காலம் அணில் தேவானை முள்ளெலி வீட்டு வாசலுக்கு வந்தாள். மேலே கிளையில் காத்தான் இலையோடு இலையாகப் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டான்.

"அண்ணே, போன தடவை நான் எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணா எடுத்து வெச்சேன். பாக்க அழகா இருந்துச்சு, ஊதுனா விழுந்துருச்சு. இந்தக் கோடைக்கு என்ன எடுக்கலாம், சொல்லேன்" என்றாள் தேவானை.

"மொதல்ல நத்தையை மறந்துரு தாயி" என்றான் குப்பாண்டி. "அது மழைக்கு. வெயில்பட்டா ஓட்டுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கும். இடி விழுந்தாலும் திறக்காது. சாணிவண்டு எடு. தலையைக் கீழ போட்டுப் பின்னங்காலால தள்ளுற சாதி அது. ஒண்ணு எடுத்தா வேலைக்காவாது, கூட்டமா எடு."

"எறும்பு?"

"எடுக்கலாம். ஆனா கட்டெறும்புன்னா கட்டெறும்பு, முசுறுன்னா முசுறு. ரெண்டையும் ஒரே படையில விட்டா எதிரியை விட்டுட்டு ஒண்ணையொண்ணு கடிச்சுக்கும். நான் இந்தத் தடவை முசுறுதான் எடுக்கப் போறேன். அப்புறம் இன்னொண்ணு. அடுத்தவன் கையைப் பாக்காத. ஒன் பாதிப் பாறையைப் பாரு."

தேவானை வாலைத் தூக்கிக்கொண்டு யோசித்தாள். "எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டியே. நான் ஜெயிச்சுட்டா என்ன பண்ணுவ?"

"ஜெயிச்சா ஜெயி. மடுவோரத்து நாவப்பழத்துல நாலு எடுத்து இந்தப் பக்கம் எறி. அது போதும்."

கிளையில் கிடந்த காத்தானுக்கு வயிறு எரிந்தது. உடனே தன் மரத்துக்குத் தாவி ஓடினான்.

"சடைச்சி! அந்த முள்ளுப்பய எவ்வளவு கெட்டிக்காரன் தெரியுமா? நத்தையை எடுக்காதேன்னு அணிலுக்குச் சொல்றான். எதுக்கு? எல்லா நத்தையையும் அவனே எடுத்துக்கத்தான்!"

"நிஜமாவே சொல்லியிருப்பான்யா. வெயில்ல நத்தை தூங்குறது தெரிஞ்ச விஷயம்தானே?"

"ஜெயிச்சவன் எவனாவது நிஜத்தைச் சொல்லுவானா?"

சடைச்சி தன் இரண்டு குட்டிகளையும் பார்த்தாள். சின்னது அப்போதுதான் கண் திறந்திருந்தது.

"இங்க பாருய்யா. கட்டெறும்புப் படை அடுக்குறதுல ஒன்ன மிஞ்ச ஆள் இல்ல. அதையே அடுக்கு. மடு கிடைக்காட்டியும் ஊத்துக்குக் குறையாது. இந்தச் சின்னதுக்கு மணல் சூடு தாங்காது. ஊத்து கிடைச்சாப் போதும்."

"ஊத்துப் போதுமா?" காத்தான் மீசை நிமிர்ந்தது. "அவன் மடுவுல முதுகை நனைச்சுக்கிட்டுக் கிடப்பான், நான் ஊத்துல நக்கிக் குடிக்கணுமா?"

மறுநாள் பாறையடியில் கூடினார்கள். குழியைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்தன. போன தடவை கடைசியில் வந்தவர் முதலில் பொறுக்க வேண்டும், ஜெயித்தவர் கடைசியில். தேவானை, பிறகு காத்தான், பிறகு குப்பாண்டி. இதுதான் முறை.

காத்தானுக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு தடவையும் குப்பாண்டிக்கு முந்தியே கை நீட்டலாமே!

தேவானை ஒரு சாணிவண்டை எடுத்தாள். காத்தான் ஒரு கொத்துக் கட்டெறும்பை எடுத்தான். அதுவரைக்கும் சரிதான். குப்பாண்டி முசுறு எறும்பில் ஒரு கொத்தை எடுத்தான்.

அடுத்த சுற்று. தேவானை மறுபடியும் சாணிவண்டு. குப்பாண்டியின் கண் முசுறுப் பக்கம் போனது. காத்தான் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். மிச்சம் இருந்த முசுறுக் கொத்தைச் சட்டென்று அள்ளிவிட்டான்.

"என்னண்ணே இது? நீ கட்டெறும்புக்காரன். ஒனக்கு முசுறு எதுக்கு?" என்றான் குப்பாண்டி.

"எனக்கு எதுக்குன்னு கேக்காத. ஒனக்குக் கிடையாது. அதுக்குத்தான்."

குப்பாண்டி முள்ளைச் சொறிந்துகொண்டு, கிடைத்த மரவட்டை ஒன்றை எடுத்தான்.

அடுத்து குப்பாண்டி வெட்டுக்கிளியைப் பார்த்தான். காத்தான் வெட்டுக்கிளியைப் பிடித்தான். கும்பிடுபூச்சியைப் பார்த்தான். காத்தான் கும்பிடுபூச்சியைப் பிடித்தான். தேவானை தன் பாட்டுக்குச் சாணிவண்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளை யார் பார்த்தார்கள்?

குழியோரத்தில் சில நத்தைகள் வெயிலில் காய்ந்து கிடந்தன. குப்பாண்டி அவற்றைப் பார்த்து, "அடப்பாவமே, யாராவது நிழல்ல எடுத்துப் போடுங்களேன்" என்றான்.

'வந்துட்டான் பாரு வழிக்கு!' என்று நினைத்தான் காத்தான். "நிழல்ல போடுற சாக்குல நீ எடுத்துக்கலாம்னு பாக்குறியா? நானே எடுத்துக்கறேன்!" அடுத்தடுத்த சுற்றுகளில் எல்லா நத்தையையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டான்.

ஆமையார்கூட ஒரு தரம் கழுத்தை நீட்டி, "காத்தா, அடுக்குறப்ப இடம் பத்துமாப்பா?" என்று கேட்டார்.

"எல்லாம் பத்தும். நீங்க ஓட்டைத் தட்டுங்க."

முதல் போர் காத்தானுக்கும் குப்பாண்டிக்கும். போன மழையில் குப்பாண்டி அடுக்கியது அப்படியே காத்தான் மனதில் பதிந்திருந்தது. ஆறு மாதம் அதைத்தானே நினைத்துப் புழுங்கினான்! அதே போல நத்தைகளை முன்வரிசையில் வைத்தான். பின்னால் கட்டெறும்பு. அதன் பக்கத்தில் முசுறு. மூலையில் வெட்டுக்கிளி. அதற்குப் பின்னால் கும்பிடுபூச்சி.

எதிர்ப்பக்கம் குப்பாண்டியிடம் ஒரு கொத்து முசுறும், சில மரவட்டைகளும், இரண்டு பிள்ளைப்பூச்சிகளும்தான். பார்க்கவே பரிதாபம்.

ஆமையார் ஓட்டைத் தட்டினார். "கையைக் கட்டு!"

பாறை சுட்டது. நத்தைகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டன. கட்டெறும்பு திரும்பி முசுறைப் பார்த்தது. முசுறு திரும்பிக் கட்டெறும்பைப் பார்த்தது. பிடித்தது சண்டை! காலைக் கடிக்க, இடுப்பைக் கடிக்க, கட்டிப் புரண்டு கொத்துக் கொத்தாகப் பாறைக்குக் கீழே விழுந்தன. முதுகுக்குப் பின்னால் கும்பிடுபூச்சி நாக்கைச் சப்புவதைப் பார்த்த வெட்டுக்கிளி, 'இந்தப் படையே வேண்டாம்' என்று ஒரே தாவாகத் தாவிக் காட்டுக்குள் போய்விட்டது. அதைத் துரத்திக்கொண்டு கும்பிடுபூச்சியும் போனது.

"டேய்! முன்னாடி பாருங்கடா! முன்னாடி!"

"வாயையும் கட்டு, காத்தா" என்றார் ஆமையார்.

மிச்சம் தூங்குகிற நத்தைகள்தான். மரவட்டைகள் அவசரமில்லாமல் வந்து, ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போயின.

அடுத்து காத்தானுக்கும் தேவானைக்கும். முறைப்படி, விழுந்த பூச்சிகளைப் பிடித்து வந்து மறுபடியும் அடுக்கலாம். எறும்புகள் ஒன்றையொன்று முறைத்தபடியே வந்தன. ஆமையார் தட்டினார். சாணிவண்டுகள் முன்னே வந்து பார்த்தன. எதிரே உருண்டை உருண்டையாக, கதவு சாத்திய நத்தைகள். அதற்கு மேல் சாணிவண்டுக்கு என்ன வேண்டும்? தலையைக் கீழே போட்டன, பின்னங்காலைத் தூக்கின, உருட்டத் தொடங்கின. உருண்ட நத்தைகள் பின்னால் சண்டையிட்டுக்கொண்டிருந்த எறும்புகளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்க் கீழே கொட்டின.

தேவானைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "காத்தாண்ணே, கோவிச்சுக்காதே. நீயே உருட்டிக் குடுத்த மாதிரி இருக்கு!"

காத்தானுக்கு இரண்டு தோல்வி. ஆனாலும் அவன் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. கடைசிப் போர் பாக்கி இருந்ததே! குப்பாண்டிக்கும் தேவானைக்கும். பாறை ஓரத்தில் குந்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

குப்பாண்டியின் முசுறு பாய்ந்து கடித்தது. ஆனால் ஒரு கொத்து முசுறு எத்தனை வண்டுக்குத்தான் ஈடுகொடுக்கும்? அவன் நினைத்திருந்த மிச்சப் படையெல்லாம் காத்தானிடம் அல்லவா போயிருந்தது! மரவட்டைகள் சுருண்டு வட்டமானதும் சாணிவண்டுகள் அவற்றையும் உருட்டிக்கொண்டு போய்விட்டன.

"மடு தேவானைக்கு! ஊற்று குப்பாண்டிக்கு!" என்றார் ஆமையார். மூன்றாவதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

குப்பாண்டி முகம் கொஞ்சம் வாடியது. பிறகு தேவானையைப் பார்த்து, "நாவப்பழத்தை மறந்துராத தாயி" என்றான்.

"நாலு என்னண்ணே, தினம் ஒரு கொத்து எறியறேன்!"

காத்தானோ பாறையைச் சுற்றிக் குதித்தான். "தோத்தான்! தோத்தான்! குப்பாண்டி தோத்தான்!" குதித்துக்கொண்டே ஆற்று மணலில் ஓடினான். உள்ளங்கால் சுட்டதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

மரத்தடியில் சடைச்சி குட்டிகளோடு காத்திருந்தாள்.

"சடைச்சி! குப்பாண்டிக்கு மடு இல்ல! இனிமே அவன் முதுகை நனைக்கிறதை நாம பாக்க வேண்டாம்!"

"அப்ப மடு நமக்கா?" என்றாள் சடைச்சி ஆவலாக.

"இல்ல, தேவானைக்கு."

"சரி. ஊத்து?"

காத்தானின் குதி கொஞ்சம் குறைந்தது. "ஊத்து... அது குப்பாண்டிக்கு. ஆனா மடு இல்லையே அவனுக்கு! அதைப் பாரு நீ!"

சடைச்சி சின்னக் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மணலில் இறங்கினாள். பெரிய குட்டி அப்பனுக்குப் பக்கத்தில் நடந்தது. மணல் சுட, காலை மாற்றி மாற்றி வைத்தது. தூரத்தில் ஊற்றடியில், புங்க மர நிழலில், குப்பாண்டியின் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா, முள்ளெலி மாமா தோத்துட்டாரா?"

"ஆமாடா கண்ணு! தோத்தே போயிட்டான்!"

"சரிப்பா. நாம தண்ணி எங்க குடிக்கிறது?"

காத்தான் குனிந்து மணலைத் தோண்டத் தொடங்கினான்.

நீதி: அடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாது என்று கை நீட்டுகிறவர், தமக்கு வேண்டியதைத் தவறவிடுவார்.