மூன்று பிடிக்கு ஒரு குரல்

ரொம்ப ரொம்ப முன்னால், மலைகளுக்குக்கூட ரோஷம் இருந்த காலத்தில், முகிலாடி என்றொரு மலை இருந்தது. அதன் உச்சியில் நின்றால் ஏழு நாடும் ஒரு கடலும் தெரியும் என்பார்கள். என்பார்களே தவிர, பார்த்தவர் யாருமில்லை. கருங்கேசன் என்ற மந்திரவாதி உச்சியை வளைத்துப் போட்டுக்கொண்டு, அடிவாரப் பாறையில் ஒரு வரி வெட்டி வைத்திருந்தான்: 'ஏறுகிறவன் திரும்பிப் பார்த்தால் கல்லாவான்.'

தேனெடுக்கும் வேடியப்பனுக்கு அந்தக் காட்சியின் மேல் பைத்தியம். துணைக்கு யாரும் வராததால் தனியாகவே ஏறினான். மூன்று மாதமாகியும் இறங்கவில்லை. அவன் மனைவி காத்தாயி அழுது பார்த்தாள்; பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனைத் தேடி மலையேறத் தேனெடுக்கிற கொடிக்கயிற்றை எடுத்தாள். கயிறு பிடிக்க நாத்தனார் சடைச்சி கிளம்பிவிட்டாள். போனது அவள் அண்ணனாயிற்றே!

தேனெடுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூன்று பிடி ஏறியதும், முன்னால் போகிறவர் திரும்பிக் கீழே பார்த்து "இருக்கியா?" என்று கேட்க வேண்டும். கயிறு பிடிப்பவர் முகம் காட்டி "இருக்கேன்" என்றால்தான் நாலாவது பிடி. சின்ன வயதிலிருந்து பழகின உடம்பு, பாறையில் வெட்டின வரிக்கா அடங்கும்? ஒரு பிடி, இரண்டு பிடி, மூன்று பிடி. காத்தாயி தன்னை மறந்து திரும்பிவிட்டாள்.

"இருக்கியா?"

சடைச்சிக்குப் பாதி உயிர் போய்விட்டது. அண்ணி கல்லாகப் போகிறாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால், அண்ணி வாயைப் பிளந்துகொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தினமும் குடம் நிரப்புகிற ஆறு, மேலேயிருந்து பார்க்க இத்தனை வளைவா, இத்தனை வெள்ளியா!

"இருக்கேன்" என்றாள் சடைச்சி.

விஷயம் இதுதான். மந்திரவாதி வெட்டி வைத்தது பச்சைப் பொய். திரும்பாமல் ஏறுகிறவர் ஓரடி வைத்தால் மலையும் ஓரடி வளரும். தன்னை மிதித்துப் போகிறவர்கள் தன் அழகை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே என்று அதற்கு ரோஷம். அந்த ரோஷத்தில்தான் கருங்கேசன் மந்திரத்தை முடிந்து வைத்திருந்தான். ஏறி ஏறி ஓய்ந்து உட்கார்ந்தவர்கள்தான் கல்லானார்கள்.

காத்தாயி திரும்பத் திரும்ப, மலை வளராமல் நின்றது. இன்னும் மேலே போனதும் பறக்கிற கழுகின் முதுகைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அதன் வயிற்றைத்தானே பார்த்திருக்கிறாள்! இன்னும் மேலே, பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒன்றில் மழையும் ஒன்றில் வெயிலும். பார்த்துச் சிரித்துக்கொண்டே அடுத்த பிடியைப் பிடித்தவளின் சிரிப்பு அப்படியே நின்றது. அங்கே ஒரு கல் உட்கார்ந்திருந்தது, இடுப்பில் வேடியப்பனின் தேன்கத்தியோடு. அந்தக் கன்னத்தைத் தடவினாள். சில்லென்றிருந்தது. வரி வெட்டினவனைப் பார்த்தே தீருவது என்று இருவரும் மேலே ஏறினார்கள்.

உச்சியில் கருங்கேசன் வழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். முதுகுக்குப் பின்னால் உலகமே விரிந்து கிடந்தது. கோல் ஓங்கியவனிடம் காத்தாயி கேட்டாள், "பின்னாடி கடல் தெரியுதே ஐயா, பார்த்தீங்களா?"

நூறு வருஷமாகக் காவல், திரும்பினால் கல்லாகிவிடுவேன் என்று அவன் முனகினான். பாருங்கள் கூத்தை, சொல்லிச் சொல்லித் தன் பொய்யைத் தானே நம்பியிருக்கிறான்! அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"மூணு பிடிக்கு ஒரு தடவை திரும்பித்தான் வந்தேன். நான் கல்லா?"

கருங்கேசன் மெல்லத் திரும்பினான். நீலமாய்க் கடல், அதன் மேல் அரிசி சிந்தினது போலப் பாய்மரங்கள், இந்தப் பக்கம் ஏழு நாட்டு வயல்கள். நூறு வருஷம் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. அவன் கோல் கைநழுவி விழ, ஏங்கி ஏங்கி அழுதான். மலையின் ரோஷம் தணிந்தது. மந்திரமும் அதோடு போயிற்று.

காத்தாயி பழக்கதோஷத்தில் கீழே திரும்பினாள்.

"இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள் சடைச்சி. அவள் குரல் அடங்குமுன், இன்னும் கீழேயிருந்து, மூன்று மாதம் பேசாத தொண்டை ஒன்று கரகரத்தது.

"இருக்கேன்."

அன்றிலிருந்து முகிலாடி ஒரு விரற்கடைகூட வளரவில்லை. போகிறவர்கள் போய்ப் பாருங்கள், திரும்பித் திரும்பிப் பாருங்கள்.