தலைகீழ்க் கார்த்திகை

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்தெட்டு. சிரிக்காதீர்கள், எங்களுக்கு அப்படித்தான் வாய்த்தது.

குருவின் பெயர் சுயம்புகனி. திருச்செந்தூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. வாரமெல்லாம் மைக்ராஸ்கோப்பில் அணுக்களை எண்ணுவார். சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் தேரிக்காட்டுச் செம்மணலில் பாய் விரித்துப் படுத்து, பைனாகுலரில் நட்சத்திரக் கூட்டங்களை எண்ணுவார். எண்ணியதை அப்படியே நோட்டில் புள்ளி வைத்து வரைவார்.

சீடர் ஜெபமணி அண்ணாச்சி. சர்வே ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் நிலப்படம் வரைந்து ஓய்வு பெற்றவர். குருவை அவர் டீச்சர் என்பார். நான் மூன்றாவது ஆள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பாய், பிளாஸ்க், இவர்கள் இரண்டு பேர், எல்லாம் என் லோடு ஆட்டோவில்தான் வர வேண்டும்.

அன்றைக்குத் தை மாதக் கடைசிச் சனி. மணி ஏழரை இருக்கும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் உச்சிக்கு வந்திருந்தது. வெறும் கண்ணுக்கு ஆறு நட்சத்திரம். பைனாகுலரை வைத்தால், அடேயப்பா, கைதவறி அரிசியைக் கொட்டினது மாதிரி கிடக்கும்.

அண்ணாச்சி அரைமணி நேரம் பார்ப்பதும் புள்ளி வைப்பதுமாக இருந்தார். பிறகு நோட்டைக் குருவிடம் நீட்டினார். இருட்டுக்குப் பழகின கண் கூசாமலிருக்கச் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சை அடித்து நானும் எட்டிப் பார்த்தேன். நாற்பத்தேழு நட்சத்திரம்!

"ஆத்தாடி!" என்றேன். எனக்கு இருபத்தெட்டுதான் தேறியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

குரு பாராட்டவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பைனாகுலரை அண்ணாச்சி கையில் கொடுத்தார்.

"அண்ணாச்சி, கூட்டத்துக்கு ஒரு வால் இருக்குல்லா? அது எந்தப் பக்கம் நீளுது?"

அண்ணாச்சி மல்லாந்து பார்த்தார். "வலப்பக்கம். கிழக்கே."

"உங்க படத்துல?"

அண்ணாச்சி நோட்டைப் பார்த்தார். வால் இடப்பக்கம் நீண்டிருந்தது.

குரு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். படம் வானத்தோடு அச்சாகப் பொருந்திவிட்டது. 

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. "என்ன டீச்சர் இது?" என்றேன்.

"வெளிநாட்டு நட்சத்திரப் புத்தகத்துல படத்துக்கு வடக்கு மேல இருக்கும். அவங்க ஊர்ல தெக்கே பாத்து நின்னுதான் கார்த்திகையைப் பாக்கணும்." குரு மெதுவாகத்தான் சொன்னார். "நாம வடக்கே தலைவெச்சுப் படுக்க மாட்டோம்லா. தெக்கே தலைவெச்சுப் படுத்திருக்கோம். நமக்குத் தலைகீழாத்தான் தெரியும்."

அண்ணாச்சி வீட்டில் புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்து வந்திருக்கிறார்! முப்பத்துநாலு வருஷம் படத்துக்குப் படம் வடக்குக் குறி போட்ட மனுஷன், இதில் போய் வழுக்கி விழுந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"நிஜமா எத்தனை தெரியுது, அண்ணாச்சி?" என்றார் குரு.

"ஒம்பது."

"போன வருஷம்?"

"இருபத்தொண்ணு." அண்ணாச்சி மணலை விரலால் கிளறிக்கொண்டே பேசினார். "கண்ணுல அழுத்தமாம். நரம்பு பட்டுக்கிட்டே வருதாம். போனது போனதுதான்னுட்டாரு டாக்டர். சொட்டு மருந்து விட்டா மெதுவாப் போகுமாம்."

"எப்போ சொன்னாரு?"

"ஆவணியில."

"அஞ்சு மாசமா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கீங்க." குருவுக்குக் குரல் உடைந்துவிட்டது. அழுகையை விடக் கோபம்தான் அதில் கூட இருந்தது. "நாங்க என்ன அசல் ஆளுங்களா?"

"சொன்னா என்ன சொல்லுவீங்க? மணல்ல விழுந்துவெச்சிராதீங்க, வீட்ல இருங்கன்னுதானே சொல்லுவீங்க? வீட்ல சுவரைப் பாத்துக்கிட்டா இருக்க? இந்தச் சனிக்கிழமையை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு, டீச்சர்?"

நான் பிளாஸ்க்கைத் திறக்கப் போனேன். அப்படியே கீழே வைத்தேன்.

குரு கையிலிருந்த வளையலைக் கழற்றினார். நோட்டில் புதுப்பக்கம் எடுத்து, அதில் வளையலை வைத்துப் பென்சிலால் சுற்றிப் பைனாகுலரில் தெரிகிற மாதிரி ஒரு வட்டம் போட்டார்.

"கண்ணுல படுறதை மட்டும் வைங்க. படாததை வைக்காதீங்க."

"ஒம்பதை வெச்சு என்ன செய்ய, டீச்சர்? அசிங்கமா இருக்கும்."

"வைங்க, அண்ணாச்சி."

வைத்தார். நாற்பத்தேழுக்கு அரைமணி ஆன மனுஷனுக்கு ஒன்பதுக்கு முக்கால்மணி ஆயிற்று. கை அசரும்போதெல்லாம் பைனாகுலரை இறக்கி, மூச்சுவிட்டு, மறுபடி ஏற்றுவார். முடித்ததும் நான் வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்பதும் இம்மி பிசகாமல் அதனதன் இடத்தில் இருந்தன. என் இருபத்தெட்டில் பாதி அப்படி இருக்காது.

குரு பக்கத்தடியில் தேதியைப் போட்டார். பார்த்தவர் ஜெபமணி என்று எழுதினார். பக்கத்தைக் கிழியாமல் எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நாப்பத்தேழு உள்ள படத்தை விட்டுட்டு இதையா எடுக்கீங்க?"

"அது கடையில கிடைக்கும். இது உங்ககிட்டத்தான் கிடைக்கும்."

அண்ணாச்சிக்கு மனசு ஆறவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி மல்லுக்கு நின்றார். "அடுத்த தைக்கு இது அஞ்சாயிரும்."

"அஞ்சை வைங்க."

"அதுக்கு அடுத்த தைக்கு ஒண்ணுதான் மிஞ்சும்."

"அந்த ஒண்ணை வைங்க."

"ஒண்ணுமே தெரியாமப் போச்சுன்னா? வெறும் வட்டத்தையா நீட்ட?"

 குரு கழற்றின வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்; இருட்டில் எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பார்.

"அப்போ எந்தெந்த இடத்துலன்னு நான் சொல்லுதேன். நீங்க வைங்க."

அண்ணாச்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்கே கதை! படாததை வைக்காதீங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க? என் கண்ணுல படாததை நான் எப்படி வைக்க?"

"நான் பாப்பேம்லா, அண்ணாச்சி."