தம்பி காலுக்கு ரத்த ஓட்டம்

கோணவாய்க்கால்பட்டியில் அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் யாருக்கு அறிவு அதிகம் என்று ஊரில் ஒரு வழக்கு உண்டு. இன்னும் தீர்ப்பாகவில்லை.

கடைக்குட்டி பேச்சிமுத்துவுக்கு முப்பத்தெட்டாவது வயதில் ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா கருப்பையா, "வெள்ளிக்கிழமை வர்றோம். மாப்பிள்ளை நாலு எட்டு நடந்து காட்டினா போதும்" என்று சொல்லியனுப்பினார். இதை விட்டால் வேறு வரன் கிடையாது என்பது பேச்சிமுத்துவுக்கே தெரியும். பாவம், சாப்பாடு இறங்கவில்லை.

மூத்தவன் சடையாண்டி யோசித்தான். "அதுவரைக்கும் நடக்காதடா. இருக்கிற நடையை இப்பவே செலவழிச்சுட்டா அன்னைக்கு என்ன பண்ணுவே?"

நியாயம்தானே! திங்கட்கிழமை சம்மணம் போட்டு உட்கார்ந்த பேச்சிமுத்து, புதன்கிழமை எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

வைத்தியர் வந்து பாதத்தைத் தொட்டார். சில்லென்றிருந்தது. "ரத்த ஓட்டம் குறைஞ்சுபோச்சு. எண்ணெய் வச்சு காலைப் பிடிச்சு விடுங்க. ரத்தம் நல்லா ஓடினா தானா நடப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் சொல்கிறோம் என்று அந்த மனிதர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். இரண்டாமவன் வேலாண்டி வலது காலையும், மூன்றாமவன் உலகநாதன் இடது காலையும் ஒரு முழம் தூக்கிப் பிடித்தார்கள்.

"பிடிச்சாச்சா?" என்றான் சடையாண்டி.

"பிடிச்சாச்சு அண்ணே."

"விடு!"

குதிகால் இரண்டும் தரையில் தொம்மென்று விழுந்தன. முதல் பத்துத் தடவை பேச்சிமுத்துவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பதினோராவது தடவை "ஐயோ!" என்று அலறினான்.

"வைத்தியர் கெட்டிக்காரர்தான்" என்றான் உலகநாதன். இரண்டு நாள் விடாமல் பிடித்து விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பேச்சிமுத்து எழுந்திருக்கவில்லை.

"பிடிச்சு விட்டாச்சு. ரத்தம் ஓடணும்னாரே, அதை விட்டுட்டோமே?" என்றான் வேலாண்டி.

"ரத்தம்னா யாரு?" என்று கேட்டான் உலகநாதன்.

சடையாண்டி வெகுநேரம் தாடையைத் தடவினான். "போன பொங்கலுக்கு நாம அடிச்சுக்கிட்டப்போ மாமா என்ன சொன்னாரு? 'நீங்கள்லாம் ஒரே ரத்தம்டா'ன்னாரு. அப்ப இவனுக்கு ரத்தம் யாரு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நாமதான்!"

"நல்லா ஓடணும்னாரு" என்று ஞாபகப்படுத்தினான் வேலாண்டி. வேட்டியை மடித்துக் கட்டி, மூவரும் ஊரைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள்.

வீட்டில் பேச்சிமுத்து தனியாக இருந்தான். குதிகால் வலி பொறுக்காமல், கிண்ணத்து எண்ணெயைத் தொட்டு, அழுதுகொண்டே உள்ளங்காலிலிருந்து கெண்டைக்கால் வரை தானே தேய்த்தான். விரல்களை மடக்கினான், நீட்டினான். பாதம் கதகதவென்று ஆனது. பெண் வீட்டார் வருகிற நேரத்தில் இவர்கள் எங்கே தொலைந்தார்கள் என்ற பயத்தில், சுவரைப் பிடித்து எழுந்து வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தான். பத்தாவது நடையில் கருப்பையா வந்து நின்றார்.

"நடை நல்லாத்தான் இருக்கு" என்று தேதி குறித்துவிட்டுப் போனார்.

ஏழாவது சுற்றில் வந்த அண்ணன்கள் தம்பி நடப்பதைப் பார்த்தார்கள். "நாம ஓடினது அவன் காலுல தெரியுது பாருடா!" என்று சடையாண்டி கண்கலங்கினான்.

"நடந்துட்டேன் அண்ணே, போதும். நிறுத்துங்க" என்றான் பேச்சிமுத்து.

"நிறுத்தறதா? ரத்த ஓட்டம் நின்னா ஆளு செத்துப்போயிடுவான்டா!"

அன்றிலிருந்து முறை வைத்து ஓடினார்கள். கல்யாணத்தன்று மூவருமாகப் பந்தலைச் சுற்றி ஓடினார்கள். மேளக்காரருக்குத் தாளம் தப்பிக்கொண்டே இருந்தது.

கருப்பையா சடையாண்டியை வழிமறித்து, என்ன விஷயம் என்று கேட்டார். அவன் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு விளக்கமாகச் சொன்னான். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த தன் மகன்கள் இரண்டு பேரையும் எழுப்பினார்.

"ஏண்டா தடிப்பயல்களா, அவங்க தம்பிக்கு எப்படி ஓடுறாங்க பாரு! உங்க தங்கச்சி மட்டும் ரத்தம் இல்லாதவளா? பாதி இலையிலே எழுந்தாலும் பரவாயில்லை, ஓடுங்கடா!"

சொல்லிவிட்டு அவரும் வேட்டியை மடித்துக் கட்டினார்.