ஈரப்பாறை நால்வரும் மூன்று வாக்குகளும்

குயில், தவளை, மரங்கொத்தி, கருவண்டு நான்கும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தன. ஈரப்பாறை நால்வர் என்று பெயர். குயில் பாடும். தவளை அடித்தொண்டையில் பின்பாட்டுப் பாடும். மரங்கொத்தி தாளம் தட்டும். கருவண்டு விடாமல் ரீங்கரித்துச் சுருதி சேர்க்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஆனி மாதத்தில், நாட்டிலுள்ள எல்லாக் காடுகளிலிருந்தும் இப்படிப்பட்ட சின்னக் குழுக்கள் நாவல்குளத்தங்கரையில் கூடும். கச்சேரி வைக்கும் சபாக்காரர்களும் வருவார்கள். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கரையில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும். அது மூன்று முறை கால் மாற்றும்வரை பாடலாம். அதற்குள் ஏதாவது ஒரு சபாவுக்குப் பிடித்துப்போனால், அந்த வருஷம் கச்சேரி உண்டு.

ஈரப்பாறை நால்வர் மூன்று வருஷமாக வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள்.

"இந்தத் தடவையும் யாரும் கூப்பிடலேன்னா குழுவைக் கலைச்சிடலாம்! அவங்கவங்க வழியைப் பார்த்துக்கலாம்!" என்றது மரங்கொத்தி. குயிலும் தவளையும் பெருமூச்சு விட்டுத் தலையாட்டின.

கருவண்டு மட்டும் தலையாட்டவில்லை. குயில் எந்த மரத்தில் உட்கார்ந்தும் தனியாகப் பாடிக்கொள்ளும். தவளைக்கு ஊர் முழுக்கச் சொந்தக்காரர்கள். ஆனால் வெறும் சுருதியை மட்டும் கேட்க எந்தச் சபா கூப்பிடும்? தவிர, அதற்கு இந்த மூன்று பேர் மீதும் உயிர். அதை வெளியில் சொல்லத் தெரியாமல் ஓர் இலைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த மாநாட்டில் பாட்டைவிடப் பேச்சுதான் அதிகம். நாவல்மரத்தடியில் எல்லோரும் நாக்கு நீலமாகும்வரை பழம் தின்றுகொண்டே, "எங்கள் குழுவைக் கேட்டிருக்கிறீர்களா?" என்று ஒருவரையொருவர் மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

மரங்கொத்தி யானையைப் பிடித்துக்கொண்டது. யானை அருவிக்கரையில் சபா நடத்துகிறவர்.

"எங்க இடத்துல அருவிச் சத்தம் காதைப் பிளக்கும்ப்பா! உங்க பாட்டு அதுக்கு மேலே கேட்குமா?"

"கேட்காம என்ன அண்ணே! நாங்க தட்டினா பாறையே அதிரும்!"

தவளை ஆமையிடம் ஒட்டிக்கொண்டது. ஆமை தாமரைக்குளத்துச் சபாக்காரர்.

"எங்க ஆளுங்களுக்கு... எதுவும்... மெதுவா இருக்கணும் தம்பி."

"எங்களைவிட மெதுவாப் பாட ஆளே கிடையாதுங்க!"

குயில் குரங்கிடம் மாட்டிக்கொண்டது. மாந்தோப்புச் சபா குரங்குடையது.

"எங்க பசங்க ஒரு இடத்துல உட்கார மாட்டானுங்க! படபடன்னு முடிக்கணும்!"

"கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ளே முடிச்சிடுவோம்!" என்றது குயில்.

மூவரும் குழுவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனால் அதை மற்றவர்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரவருக்குத் தான்தான் காரியத்தை முடித்துவிட்டதாகப் பெருமை.

அவர்கள் முறை வந்தது. கொக்கு காலைத் தூக்கியது.

மரங்கொத்தி மரம் பிளக்கும்படி தட்டியது. தவளை ஒரு வரியை இழு இழு என்று இழுத்தது. குயில் பாதிப் பாட்டை அதற்குள் தாண்டிவிட்டது. கருவண்டு பாவம், குயிலின் பின்னால் ஓடிப் பார்த்தது. தவளையோடு நின்று பார்த்தது. ஒன்றும் ஒட்டவில்லை.

"என்ன இது, சந்தைக்கடையா?" என்று முன்வரிசையில் ஒரு முயல் கேட்டது. கொக்கு முதல்முறை கால் மாற்றியது.

கருவண்டு சட்டென்று ரீங்காரத்தை நிறுத்திவிட்டது.

அவ்வளவுதான். குயிலுக்கு அடுத்த சுரம் எங்கே என்று தெரியவில்லை. தவளை வாயைத் திறந்தபடி நின்றது. மரங்கொத்தியின் அலகு பாதியில் நின்றது.

"ஏன்டா நிறுத்தினே?" என்று குயில் பதறியது.

"இங்கே மூணு கச்சேரி நடக்குது! நான் ஒருத்தன்! யாருக்குச் சுருதி பிடிக்கிறது?" என்றது கருவண்டு. "உங்களை விட்டா எனக்கு யாரும் இல்லை. என்ன நடந்ததுன்னு சொல்லுங்க!"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"யானை அண்ணனுக்குச் சத்தமா தட்டுறேன்னு சொல்லிட்டேன்" என்றது மரங்கொத்தி.

"நான் ஆமைக்கு மெதுவான்னு..." என்றது தவளை.

"நான் குரங்குக்கு வேகமான்னு..." என்றது குயில்.

கரையில் ஒரே சிரிப்பு! யானையும் ஆமையும் குரங்கும் மட்டும் சிரிக்கவில்லை. கொக்கு இரண்டாம் முறை கால் மாற்றியது.

"நீ யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தே?" என்று குயில் கருவண்டைக் கேட்டது.

"என்னை யாரும் ஒண்ணும் கேட்கலையே!"

குயிலுக்கு வெட்கமாகிவிட்டது. "நாங்க கேட்கிறோம். என்ன பாடலாம்? நீயே சொல்லு!"

கருவண்டு மெல்ல ரீங்கரிக்க ஆரம்பித்தது. மழை நாட்களில் தங்களுக்காகவே பாடிக்கொள்ளும் பாட்டின் சுருதி அது. சத்தமும் இல்லை, வேகமும் இல்லை, இழுவையும் இல்லை. குயில் அதில் வந்து சேர்ந்தது. தவளை அதற்கு அடியில் நின்றது. மரங்கொத்தி வலிக்காமல் தட்டியது. இரண்டே அடிதான் பாடியிருப்பார்கள். கொக்கு மூன்றாம் முறை கால் மாற்றிவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என் அருவியிலே கேட்கவே கேட்காது!" என்று யானை எழுந்து போனார். குரங்கு எப்போதோ போய்விட்டது. ஆமையும் புறப்பட்டார், அவர் போய்ச் சேரவே சாயங்காலமாகும்.

நால்வரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அப்போது ஒரு மூலையிலிருந்து, உடம்பெல்லாம் செதிலாக, எறும்பு தின்னும் ஓர் அழுங்கு ஆடி அசைந்து வந்தது.

"என்கிட்டே ஒரு சின்னக் குகைதான் இருக்கு. வாலை மடக்கி உட்கார்ந்தா முப்பது பேர். மெல்லத் தட்டினாலே மூலைவரைக்கும் கேட்கும். ஐப்பசி மழையிலே மூணு நாள் பாட வருவீங்களா?"

தொங்கிய நான்கு தலைகளும் சட்டென்று நிமிர்ந்தன.

"சரி, உங்கள்ல யார்கிட்டே பேசி முடிக்கிறது?" என்று அழுங்கு கேட்டது.

"கருவண்டுகிட்டே!" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கருவண்டுக்குச் சந்தோஷத்தில் இறக்கை படபடத்தது. உடனே சரி என்று சொல்லிவிடலாம்தான்.

"ஒரு நிமிஷம் இருங்க அக்கா. இவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்!" என்று அது நண்பர்கள் பக்கம் திரும்பியது.

குழந்தைகளே, பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில், வெளியாருக்கு வாக்குக் கொடுக்கும் முன் கூட இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.