பதினாலு டன்

எண்ணெய்க் கிணற்றுக்குள் பம்பை ஆட்டும் இரும்புக் கம்பி சிக்கிக்கொண்டால் மேனேஜர் பத்மநாபனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: "இழு!"

அன்றைக்குச் சிக்கியது துருவேறிய பழைய கம்பி. பதினைந்து டன்னுக்கு மேல் இழுக்கக்கூடாது என்று கம்பெனியே எழுதி ஒட்டியிருந்தது. மீறினால் கம்பி அறுந்து, மேடையில் நிற்பவன் மேல்தான் பாயும்.

"இருபத்தஞ்சுக்கு இழு. முடியாதுன்னா வீட்டுக்குப் போ" என்றார் பத்மநாபன், நூறடி தள்ளி ஜீப்பில் சாய்ந்துகொண்டு.

மேடையில் கம்பியை இழுக்கும் இயந்திரத்தின் பிரேக்கைப் பிடித்திருந்த ஒப்பந்தத் தொழிலாளி தருமையன் தலையைச் சொறிந்தான்.

"இழுத்துடலாம் சார். வயசாச்சு, டன் காட்டுற முள்ளு கண்ணுக்குச் சரியாத் தெரியலை. நீங்க பக்கத்துல நின்னு படிச்சுச் சொல்லிட்டா போதும்."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மேனேஜர் மேடை ஏறினார்.

"பத்து... பன்னெண்டு..." கம்பி முனகியது. மேடை அதிர்ந்தது. "பதினாலு... போதும்! நிறுத்துய்யா!"

தருமையன் நிறுத்தினான்.

"எங்க உசுருக்குப் பதினஞ்சுன்னு எழுதியிருக்கு சார். உங்க உசுருக்குப் பதினாலுதான் போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பத்மநாபன் இறங்கிப் போனார்.

மறுநாள் தருமையனுக்கு வேலை போனது. காரணம், பார்வைக் குறைவு. அவனே எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டதாயிற்றே.

புதிதாக வந்தவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். பக்கத்தில் நின்று யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

"இருபத்தஞ்சு" என்றார் பத்மநாபன், ஜீப்பில் சாய்ந்தபடி.